ஐந்து குப்பிகளும் ஒரு நெய்ச் சட்டியும்

அந்த யோசனை எனக்குப் பஸ் தரிப்பிடத்தில் வந்தது. மாசி மாதத்துக் காலை. வானொலியில் மைனஸ் இருபத்தாறு என்று சொன்னதைக் கேட்ட பிறகும் வேலைக்குப் புறப்பட்டிருந்தேன். மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் ஏற்றத்தில் பஸ்ஸைக் காணவில்லை. வாயைப் பொத்திக் கையுறைக்குள் மூச்சை ஊதிக்கொண்டு நின்றவள், தற்செயலாக அந்தக் கையுறையைப் பார்த்தேன். கம்பளியில் எழுந்து நின்ற ஒவ்வொரு மயிரின் நுனியிலும் என் மூச்சு ஒரு சின்ன மணியாக உறைந்திருந்தது. தண்டு மெல்லியது, தலை உருண்டை, கண்ணாடி மாதிரி. ஆயிரம் குண்டூசிகளைக் குத்திவைத்தது போல. கையை ஒரு தரம் உதறினேன். மணிகள் எல்லாம் பொலபொலவென்று சப்பாத்தில் கொட்டின. கம்பளி கம்பளியாகவே மிஞ்சியது. "அட, இவ்வளவுதானா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற மனிதர் நான் குளிரைப் பற்றித் தன்னிடம் முறையிடுகிறேன் என்று நினைத்து, போன வருடம் இதைவிட மோசம் என்று பிரெஞ்சில் ஆறுதல் சொன்னார். நான் "மெர்சி" என்றேன். அவருக்கு நான் எதை விளக்கியிருக்க முடியும்? முந்தின நாள் ஒரு பூதக்கண்ணாடிக்குள் பார்த்து விளங்காமல் வந்த விஷயம், என் சொந்த மூச்சில், என் சொந்தக் கையில் விளங்கிவிட்டது என்றா?

ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதப்போவது கஞ்சாவைப் பற்றி. முகம் சுளிப்பீர்கள், தெரியும். நானும் சுளித்தவள்தான். மட்டக்களப்பில் இரசாயனவியல் படித்துப் பட்டத்தோடு வந்து, இங்கே ஒரு மருந்துக் கம்பனியில் குளிசை அட்டைகள் நேராக ஒட்டியிருக்கின்றனவா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மருந்துக்கு இவ்வளவு கிட்ட நின்றும் ஒரு மருந்தைக்கூடத் திறந்து பார்க்க முடியாத வேலை. மண்டைக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். அப்படிப்பட்டவளின் கையில் இந்தச் செடி கிடைத்தது அத்தானால்.

அத்தான் என் அக்காவின் கணவர். நாங்கள் மட்டக்களப்பு, அவர் யாழ்ப்பாணம். பதினாறு வருடமாக இந்த நகரத்துக் குசினிகளில் நிற்கிறார். ஆரம்பத்தில் கோப்பை கழுவினார், பிறகு வெங்காயம் வெட்டினார், கடைசியில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சோஸ் முழுக்க அவர் பொறுப்பு. எலும்பையும் வைனையும் நாள் முழுக்க வற்றவைத்து ஒரு கரண்டியாக்கி, அதை நக்கிப் பார்த்து, உப்பு ஒரு கல் கூட என்று சொல்லக்கூடியவர். போன ஐப்பசியில் அவருடைய குடலில் கட்டி என்று வெட்டி எடுத்தார்கள். பிறகு கீமோ தொடங்கியது. தொடங்கிய நாளிலிருந்து அந்த மனிதரால் சாப்பாட்டு மணத்தைத் தாங்க முடியவில்லை. அக்கா வெங்காயம் தாளித்தால் குளியலறைக்குள் ஓடுவார். அக்கா குசினிக் கதவைச் சாத்தி, கதவின் அடியில் துவாயைத் திணித்துவிட்டுச் சமைப்பாள். பிளேனில் கொடுக்கிற சாப்பாடு மாதிரி எல்லாவற்றையும் ஆறவைத்து, மணமில்லாமல் ஆக்கித்தான் அவர் முன்னால் வைப்பாள். அப்படியும் வயிற்றில் நிற்காது. வாந்தியை நிறுத்தக் கொடுத்த குளிசையையே வாந்தி எடுத்துவிடுவார். இன்னும் மூன்று கீமோ மீதி. எடை ஐம்பது கிலோவுக்குக் கீழே இறங்கினால் அடுத்ததைத் தள்ளிவைக்க வேண்டிவரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். தள்ளிவைப்பது என்றால் என்ன என்று அத்தான் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. நான் மட்டும் கேட்டேன். அந்தப் பதிலை இன்றுவரை அவர்களிடம் சொல்லவில்லை.

கஞ்சாவைச் சொன்னதும் அந்த டொக்டர்தான். இந்த நாட்டில் இந்த 2004ஆம் ஆண்டிலும் அது சட்டவிரோதம். ஆனால் சில வருடங்களாக, கடும் நோயாளிகளுக்கு டொக்டர் கையெழுத்திட்டால் ஒட்டாவாவில் இருந்து அனுமதி அட்டை வருகிறது. அத்தானுக்கும் வந்தது. முதல் முயற்சி பெரிய தோல்வி. வாழ்நாளில் பீடிகூடக் குடிக்காதவர் பல்கனியில் நின்று ஒரு இழுப்பு இழுத்தார். இருமலோடு இருமலாக அன்று குடித்த கஞ்சியும் வெளியே வந்தது. நாங்கள் இருக்கிற மாடியில் ஆறு வீடு, அதில் நாலு தமிழ் வீடு. அடுத்த நாள் எதிர்வீட்டு மாமி என்னைப் படியில் மறித்தார்.

"பிள்ளை, உங்கட பக்கம் நேற்று ஏதோ றப்பர் எரிஞ்ச மணம் வந்தது. ஹீற்றரைப் பாத்தனீங்களோ?"

"ஓம் மாமி, ஹீற்றர்தான்."

உள்ளேயிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த அத்தான் நான் கதவைச் சாத்தியதும் சொன்னார்: "இனி உது வேண்டாம் மச்சாள். சாகிறது வேற விஷயம். கஞ்சா அடிக்கிறவன் எண்டு பேரெடுத்துச் சாகேலாது."

ஆக, எனக்கு இரண்டு நிபந்தனை. புகை கூடாது, மணம் கூடாது. நோயாளிகளுக்குக் கஞ்சா கொடுக்கிற ஒரு சங்கம் நகர மையத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதைக் கிளப் என்பார்கள். சட்டத்துக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நிற்கிற இடம். சனிக்கிழமை நான் புறப்பட்டபோது அக்கா மேலும் கீழும் பார்த்து, "கிளப்புக்குப் போறவள் ஏன் கா இந்தச் சப்பாத்தோட போற?" என்று, பெண்களை அழைக்கிற எங்கள் ஊர்க் 'கா' போட்டுக் கேட்டாள். போய்ப் பார்த்தால் பல் டொக்டரின் காத்திருக்கும் அறை மாதிரி இருந்தது. பழைய சஞ்சிகைகள், ஒரு மீன்தொட்டி, சக்கர நாற்காலியில் ஒரு பெண்மணி. மேசைக்குப் பின்னால் ஜூலி. என் வயதுதான் இருக்கும். விரல் மூட்டுகள் எல்லாம் வாதத்தில் வளைந்திருந்தன. குப்பி மூடியை உள்ளங்கையால் அழுத்தித் திருகித்தான் திறப்பாள். உதவி செய்யப் போனேன், முறைத்தாள். பிறகு எங்களுக்குள் நல்ல ஒட்டு.

"நீ எங்கிருந்து?" என்றாள். சொன்னேன். "அப்படியானால் இதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்குமே, கையால் தேய்த்து எடுக்கிற சரஸ் உங்கள் பக்கத்தில் இருந்துதானே வருகிறது?" என்றாள். இமயமலையில் இருந்து மட்டக்களப்பு, மொன்றியலில் இருந்து கியூபா போகிற தூரம் என்றேன். உன்னைக் கியூபாக்காரி என்று யாராவது சொல்வார்களா என்று கேட்டேன். "இந்தக் குளிரில் சொன்னால் சந்தோஷப்படுவேன்" என்றாள். உண்மையில் அந்தச் செடியையே நான் கண்டதில்லை. ஊரில் நாட்டு மருந்துக் கடையில் மதனமோதகம் என்று உருண்டை விற்பார்கள், அதில் அந்த இலை உண்டு என்று கேள்விப்பட்டதோடு என் அறிவு சரி.

ஜூலி ஐந்து சின்னக் கண்ணாடிக் குப்பிகளை வரிசையாக வைத்தாள். நான் இன்றைக்கும் அந்த வரிசையைக் கண்ணை மூடினால் காண்பேன். முதலாவதில் மஞ்சள் தூள், கடலைமா போல. காய்ந்த பூவைச் சல்லடையில் தட்டிச் சலித்தது, இங்கே கீஃப் என்கிறார்கள். இரண்டாவதில் ஹாஷ். அதே தூளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் கட்டியாக்கியது. மொரோக்கோவில் இருந்து வருவது தவிட்டு நிறம், லெபனானில் இருந்து செம்மண் நிறம், ஆப்கானில் இருந்து வருவது கறுப்பு, பிசைந்தால் களி மாதிரி இளகும். சரஸ் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். செடியை உயிரோடு உள்ளங்கையில் தேய்த்து, ஒட்டுகிற பிசினைச் சுரண்டி உருட்டுவது. மூன்றாவது குப்பியில் மணல் நிறத்தில் பொருபொருவென்று ஒரு தூள், ஐஸ் தண்ணீரில் எடுத்தது. நான்காவதில் எண்ணெய். எண்ணெய் என்று சொன்னாலும் கீல் மாதிரி, குப்பியைக் கவிழ்த்தாலும் யோசித்து யோசித்துத்தான் இறங்கும். ஐந்தாவதில் பச்சைத் தண்ணீர், மதுசாரத்தில் ஊறவைத்து வடித்த டிங்சர்.

"இவையெல்லாம் ஒரே செடியா?" என்று கேட்டேன். ஜூலி பூதக்கண்ணாடியைத் தந்தாள். பூவின் மேல் காளான் காடு மாதிரி மயிர்கள். ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஒரு கண்ணாடித் தலை. மருந்து அந்தத் தலைக்குள்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் வெறும் இலை என்றாள். விளங்கியது மாதிரித் தலையாட்டினேன். ஆனால் ஐஸ் மட்டும் விளங்கவில்லை. பிசின் தண்ணீரில் கரையாது, சரி. அதற்கு ஐஸ் எதற்கு? வெட்கத்தில் கேட்காமல் வந்துவிட்டேன். அடுத்த நாள் கம்பனியில் மேலதிக வேலை. அந்த ஞாயிறு காலையில்தான் கையுறை எனக்குச் சொன்னது. குளிரில் தலை முறுகிப்போகிறது. ஆட்டினால் கழுத்து முறிந்து உதிர்கிறது. இலை நனைந்து மிதக்க, பாரமான தலைகள் அடியில் போய் இருக்கின்றன. பிறகு பெரிய கண், சின்னக் கண் என்று அடுக்கடுக்காகத் துணிப்பைகளில் வடித்தால், தேங்காயில் முதற்பால், இரண்டாம் பால் என்று எடுக்கிற மாதிரி தரம் தரமாகப் பிரிகிறது.

பஸ் வந்தது. ஏறி நின்றபடியே பயணச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். ஐந்து குப்பி இல்லை, இரண்டே குடும்பம். ஒன்று உதிர்ப்பது: தட்டியோ, தேய்த்தோ, உறையவைத்தோ, தலையைத் தலையாகவே எடுப்பது. மற்றது கரைப்பது: மதுசாரமோ வேறு கரைப்பானோ ஊற்றித் தலையை உடைத்து உள்ளே இருப்பதை எடுப்பது. பல்கலைக்கழகத்தில் உப்புகளைப் பிரித்தறியும் பரிசோதனைக்கு நாங்கள் போட்ட கிளைப்படம் மாதிரியே ஒரு படம் வந்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடத்தில் முதல் தடவையாக நான் படித்த படிப்பு என்னைத் திரும்பிப் பார்த்தது. எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லாமல், யார் யாரோ தங்கள் நிலவறைகளில் வாளியும் ஐஸும் துணிப்பையுமாக நின்று இவ்வளவு சுத்தமாக ஒரு பிரிப்பு முறையைக் கண்டுபிடித்திருக்கிறார்களே என்று எனக்குப் புல்லரித்தது.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் நேரே சங்கம். எதை எடுப்பது என்று ஜூலியும் நானும் குப்பி குப்பியாகக் கழித்தோம். டிங்சர் ஆகாது, அத்தானின் வாய் முழுக்கப் புண், மதுசாரம் பட்டால் துடித்துப்போவார். எண்ணெய் ஆகாது. எந்தக் கரைப்பானில் கரைத்தார்கள், அது முழுக்கப் போய்விட்டதா என்று யாருக்கும் தெரியாது. "வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம் என்று கனவிலும் நினைக்காதே, ஆவி தீப்பிடித்து யன்னலோடு சேர்ந்து ஆளும் பறந்த கதை இருக்கிறது" என்றாள். நான் நினைத்திருந்தேன் என்பது முகத்தில் தெரிந்துவிட்டது போலும். கட்டி ஹாஷ் இந்த நகரத்தில் தாராளம், ஆனால் கடல் தாண்டி ஒளித்து வருவதில் என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. சலித்த கீஃபில் இலைத் தூசும் சேர்ந்தே வரும். மிஞ்சியது மூன்றாவது குப்பி. ஐஸும் தண்ணீரும் தவிர வேறொன்றும் தொடாதது. இதில் ஒரு வேடிக்கை: ஒட்டாவா தந்த அட்டை காய்ந்த பூவுக்கு மட்டும்தான். அத்தானால் புகைக்க முடியாத பூவுக்கு அனுமதி உண்டு, விழுங்கக்கூடிய தூளுக்கு இல்லை. "சட்டம் எழுதியவருக்கு வாந்தி வந்ததில்லை" என்றாள் ஜூலி.

மெல்லிய சூட்டில் அந்தத் தூளின் மருந்துக் குணத்தை எழுப்பிக் கொழுப்பில் கரைக்க வேண்டும் என்றும், ஒரு வேளைக்கு எவ்வளவு என்றும் தாளில் எழுதித் தந்தாள். கொழுப்பு என்றதும் எனக்கு நெய்தான் வந்தது. நெய்யில் கலந்து சுண்டங்காய் அளவு நாக்கில் வைத்தால் அது கஞ்சா இல்லை, லேகியம். லேகியத்துக்கு எந்த மாமி என்ன சொல்ல முடியும்? சனிக்கிழமை காலை, அத்தான் படுத்திருக்க, அக்கா லோண்டரிக்குக் கீழே போயிருக்க, அவளுடைய தடித்த அடிச் சட்டியில் நெய்யை உருக்கி எல்லாவற்றையும் சொன்னபடி செய்தேன். துணியில் வடித்துக் குப்பியில் ஊற்றினேன். வெளிறிய பச்சை நிறத்தில் அது உறைந்தபோது ஒரு விஞ்ஞானியின் கர்வத்தோடு பார்த்தேன். முதல் வேளையை நான் வந்த பிறகு கொடுக்கலாம் என்று அக்காவுக்கு ஒரு துண்டு எழுதிக் குப்பியில் ஒட்டினேன்: "இதைத் தொடாதே." பிறகு பிரெஞ்சு வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன். குப்பிக்குத் துண்டு ஒட்டினேன். சட்டிக்கு ஒட்டவில்லை.

ஒன்றரை மணிக்குக் கதவைத் திறந்தேன். அக்கா குசினித் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தான் பனிக்கால ஜாக்கெட், தொப்பி, பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு, திறந்த குளிர்ப்பெட்டிக்கு முன்னால் கதிரையில் இருந்தார்.

"அத்தான், என்ன செய்றீங்க?"

"கேட்டுக்கொண்டிருக்கிறன் மச்சாள். இது கதைக்குது."

"என்ன கதைக்குது?"

"பிரெஞ்சில. உமக்கு விளங்கும், நீர்தானே வகுப்புக்குப் போறனீர்."

அக்கா தரையில் புரண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது, ஏனென்றால் அத்தான் என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்தார். அது ஓடுகிற நாயின் நெஞ்சு மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அவருடைய கண்ணில் சிரிப்பில்லை. "இது நிக்கப்போகுது. எனக்குத் தெரியும். அக்காவைத் தனிய விடாதையும்" என்றார். அக்கா சிரிப்பை நிறுத்தி, இடைவெளியே இல்லாமல் அழத் தொடங்கினாள்.

"அக்கா, என்ன குடுத்த? குப்பியத் தொட்டியா?"

"சத்தியமா தொடல்ல கா. சட்டியில நெய் ஒட்டியிருந்திச்சி. நல்ல நெய். சுடுசோறு கொஞ்சம் போட்டு, உப்பும் போட்டு வழிச்சிப் பிசஞ்சன். மணம் இல்லாமத்தானே கிடந்திச்சி, அத்தானுக்கு மூணு புடி ஊட்டினன். எத்தின மாசத்துக்குப் பொறவு வாயத் தொறந்து 'இன்னும் தா' எண்டார் தெரியுமா? கடைசிப் புடிய நான் சாப்பிட்டன்."

சங்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். நல்லகாலம் ஜூலியே எடுத்தாள். எவ்வளவு சாப்பிட்டார் என்று கேட்டாள். தெரியாது, சட்டியில் இருந்தது என்றேன். ஏன் சட்டியைச் சாப்பிட்டார் என்றாள். சட்டியை இல்லை, சட்டியில் பிசைந்த சோற்றை. அதில் சோறு சமைத்தீர்களா? இல்லை, சமைத்த சோற்றைப் போட்டு அக்கா சட்டியைத் துடைத்தாள். துடைத்த சோற்றை எறியவில்லையா? நெய் காய்ச்சிய சட்டியை, இறைச்சி வறட்டிய சட்டியைச் சோறு போட்டு வழித்துச் சாப்பிடாமல் கழுவப் போடுகிற வீட்டில் நான் வளரவில்லை. அந்தக் கடைசிப் பிடிக்குத்தான் வீட்டில் சண்டையே வரும். இதை மூன்று மாதப் பிரெஞ்சில், நெஞ்சு படபடக்கிற ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு எப்படிச் சொல்வது? ஜூலி அதற்கு மேல் கேட்கவில்லை. பொதுவாக இது ஆளை மிரட்டும், சில மணித்தியாலத்தில் இறங்கிவிடும். யன்னல் சீலையை இழுத்துவிடு, தண்ணீர் கொடு, பக்கத்தில் இருந்து மெதுவாகக் கதை. நோயாளி என்பதால் நெஞ்சு நோவு, மூச்சு முட்டல் என்று ஏதாவது கண்டால் யோசிக்காமல் அம்புலன்ஸைக் கூப்பிடு என்றாள். தானும் அரைமணிக்கு ஒரு தடவை எடுத்தாள். ஐந்தாவது தடவை எடுத்தபோது அத்தான் பூட்ஸோடு சோபாவில் தூங்கிப்போயிருந்தார். அக்கா அவருடைய காலடியில் தூங்கிப்போயிருந்தாள். நான் மட்டும் முழித்திருந்து, ஒரு விஞ்ஞானியின் கர்வம் எவ்வளவு நேரத்தில் இறங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் என்னோடு கதைக்கவில்லை. அக்காவும் நானும் கதைத்தோம், அதாவது சண்டை பிடித்தோம்.

"சட்டியக் கழுவாமப் போனது ஆரு?"

"நெய்ச் சட்டியில சோறு பிசையச் சொன்னது ஆரு?"

"பிசையாம விடுறது ஆரு கா, சொல்லு பாப்பம்!"

கடைசியில் அத்தான் படுக்கையில் இருந்தே தீர்ப்புச் சொன்னார்: "அந்தப் பேய்ச் சாமானை எறியுங்கோ. இனி இந்த வீட்டில அதைப் பற்றிக் கதைக்கக் கூடாது." அக்கா குப்பியைக் கையில் எடுத்தாள், குப்பைப் பையைப் பார்த்தாள், குளிர்ப்பெட்டியில் கறிவேப்பிலைப் பொட்டலத்துக்குப் பின்னால் வைத்தாள். நெய்யை எறிய அவளுக்குக் கை வராது.

அன்றைக்கு அத்தான் மறுபடி கஞ்சியைக் கக்கினார். திங்களும் அப்படியே. குளியலறைத் தராசில் ஐம்பதும் சொச்சமும். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் நிறுப்பார்கள். திங்கள் பின்னேரம் மன்னிப்புக் கேட்கச் சங்கத்துக்குப் போனேன். ஜூலி திட்டவில்லை. ஒரு தாளை நீட்டினாள். விழுங்குகிறவர்களுக்கான அறிவுறுத்தல், பிரெஞ்சில் ஏழு வரி. இன்னும் இரண்டு தமிழ் நோயாளிகள் வருகிறார்கள், எதைச் சொன்னாலும் புன்னகையோடு தலையாட்டிவிட்டுப் போகிறார்கள், விளங்குகிறதா என்று தெரியவில்லை, தமிழில் எழுதித் தா என்றாள். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். ஜூலி எண்ணிப் பார்த்தாள்.

"என்னுடையதில் ஏழு. உன்னுடையதில் எட்டு."

"எட்டாவது எங்களுக்கு மட்டும்."

"என்ன அது?"

"மருந்து காய்ச்சிய சட்டியில் சோறு பிசைய வேண்டாம்."

அதைப் பிரெஞ்சிலும் எழுது, எனக்கும் வேண்டும் என்றாள். முயன்றேன். பிசைவதற்கு ஒரு வரி, விரலால் வழிப்பதற்கு ஒரு வரி, ஏன் என்பதற்கு மூன்று வரி. தாள் போதவில்லை. இருவரும் விட்டுவிட்டோம்.

இன்று செவ்வாய். வேலையால் வந்து குசினி மேசையில் இருந்து, சட்டியில் எவ்வளவு ஒட்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். யாருக்காக என்று கேட்டால் தெரியாது; பிழை எங்கே என்று தெரியாமல் விட முடியாத சுபாவம். கதவு திறந்தது. கதவடித் துவாயைக் காலால் தள்ளிவிட்டு அத்தான் வந்து எதிரே இருந்தார்.

"சட்டியில எவ்வளவு இருந்தது?"

"நாலு நாளைக்குரியது. அக்கா ஒரு நாளைத் திண்டுட்டா. நீங்க மூணு நாளை."

"மூண்டு நாளை மூண்டு பிடியில." விரலை மடக்கி எண்ணினார். "ஒண்டு கவனிச்சனீரோ? அந்தச் சோறு வெளியில வரேல்லை. அவ்வளவு பயத்துக்குள்ளயும் வயிறு பேசாமக் கிடந்தது. அந்த நேரம் உம்மட அக்கா வெங்காயம் வதக்கியிருந்தாக்கூட நான் ஓடியிருக்க மாட்டன்."

அவர் என் கிளைப்படத்தை இழுத்துப் பார்த்தார். ஐந்து குப்பிகளையும் இரண்டு குடும்பங்களையும் சொன்னேன், கையுறையைச் சொன்னேன், முதற்பால் இரண்டாம் பால் சொன்னேன். மனிதரின் முகம் மாறியது. மூன்று மாதமாகக் காணாத முகம், கரண்டியை நக்கிப் பார்க்கிற முகம்.

"அப்ப இது வத்தவைச்சது. நாங்கள் எலும்பை வத்தவைக்கிற மாதிரி. இதை முதலே சொல்லியிருக்கலாமே. சோஸுக்குப் புதுசா வாற பொடியள் எல்லாரும் விடுற பிழை ஒண்டுதான், வத்தினதைப் பழைய கரண்டியாலயே அள்ளுறது. நீங்கள் ரெண்டு பேரும் அதைத்தான் செய்தனீங்கள்." பிறகு சட்டென்று, "நெய்யை எப்பிடி உருக்கினனீர்? நேர நெருப்பிலயோ?"

"ஓம்."

"நேர நெருப்பில! அக்காளும் தங்கச்சியும் சேர்ந்து என்னைக் கொல்லத்தான் பாத்திருக்கிறியள்."

எழுந்தார். ஐப்பசிக்குப் பிறகு முதல் தடவையாக அடுப்புக்கு முன்னால் நின்றார், ஒரு கையால் விளிம்பைப் பிடித்தபடி. தண்ணீர்ச் சட்டிக்குள் சின்னச் சட்டியை வைக்கச் சொன்னார். பான்-மரி என்பார்களாம், அவருடைய உணவகத்தில் முட்டை சோஸ் அப்படித்தான் செய்வார்களாம். கறிவேப்பிலைக்குப் பின்னால் இருந்த குப்பியை அக்கா எடுத்து வைத்தாள். வேறு நல்ல நெய்யை அதோடு சேர்த்து, பழைய ஒரு துளியில் இருந்தது இப்போது பத்துத் துளியில் இருக்கும்படி ஐதாக்கினோம். கணக்கு என்னுடையது, சூடு அவருடையது. நடுவில் ஒரு தரம் முகம் வெளிறி இருந்துவிட்டார். எழுந்து மறுபடி கிண்டினார். சின்னச் சட்டியை அக்கா என் கையில் தந்து, நான் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவி முடிக்கும்வரை பொலிஸ்காரி மாதிரிப் பக்கத்தில் நின்றாள்.

அந்த அறிவுறுத்தல் தாளின் ஒரு பிரதியைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். இடது பக்கம் ஜூலியின் வளைந்த விரல்கள் எழுதிய ஏழு வரி, வலது பக்கம் என் எட்டு வரி. எட்டாவதுக்கு எதிரே, பிரெஞ்சுப் பக்கத்தில், வெள்ளையாக ஓர் இடம் கிடக்கிறது. அத்தானுக்குப் பிரெஞ்சு பேச்சோடு சரி; இரண்டு பக்கத்தையும் வாசிக்கத் தெரிந்தவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். அந்த வெள்ளை என் கண்ணுக்கு மட்டும்தான் படுகிறது.

நாளைக் காலை ஏழு மணிக்கு, மூலைக்கடைத் தெப்பனரில் வாங்கிய பாணின் ஒரு மூலையில் இந்த நெய்யில் ஒரே ஒரு துளி. அதன்பிறகு ஒன்றரை மணித்தியாலம் யாரும் எதையும் நக்காமல் காத்திருப்போம். பிறகு அக்கா குசினிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வெங்காயம் தாளித்துத் தேங்காய்ப்பால் சொதி வைப்பாள். அத்தான்தான் கேட்டார்.